சத்தமில்லாமல் தேயும் பெல்ட்: வாடகை வண்டி ஓட்டுவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஓட்டுநர் தோழர்களுக்கும் தோழியருக்கும்,

சொந்தமாக ஒரு வண்டி வாங்கி, அதற்கு மாதத் தவணை கட்டிக்கொண்டே வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் நீங்கள். விமான நிலைய வரிசையிலும் ரயிலடியிலும் கல்யாண மண்டப வாசலிலும் ஏசியைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பவர்கள். டயரைப் பார்க்கிறீர்கள், ஆயில் அளவைப் பார்க்கிறீர்கள், பிரேக் தேய்ந்தால் காலிலேயே உணர்ந்துவிடுகிறீர்கள். எஞ்சினின் முன்பக்கத்தில் புல்லிகளைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் பெல்ட்டை மட்டும் உங்களில் பெரும்பாலோர் பார்ப்பதில்லை. பட்டறையில் இருந்து பல வருடங்களாகக் கவனித்து வருகிறேன். அதைப் பார்க்காமல் விடுவதற்குச் சோம்பல் காரணம் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்குச் சொல்லப்பட்ட பாடம் பழையதாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த ஒரு பெல்ட்டை நம்பி எத்தனை வேலைகள் நடக்கின்றன என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். கிராங்க் புல்லியில் இருந்து திருகுவிசையை வாங்கி ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது, ஏசி கம்ப்ரஸரைச் சுற்றுகிறது. பல எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பையும் அதுதான் சுற்றுகிறது. ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் அந்தப் பம்ப்பும் அதில்தான். சில டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டரில் இருந்து காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட ஒரு வண்டி, பாதி மலையில் பெல்ட் அறுந்து நிற்கும் நிலையை நினைத்துப் பாருங்கள். கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கல்லட்டிப் பாதையில் 36. ஏழு பேரை ஏற்றிக்கொண்டு இறங்கும்போது ஸ்டீயரிங் கல்லாகிவிடும். ஒன்றிரண்டு முறை மிதித்ததும் பிரேக் பெடல் இறுகிவிடும். முகப்பு விளக்கு மங்கத் தொடங்கும். ஒரு ஹோட்டலில் சாப்பிடும் நேரத்தில் பார்த்திருக்க வேண்டிய ஒரு பொருள், ஏழு உயிர்களைக் கையில் வைத்திருக்கிறது. நான் இதை மிகையாகச் சொல்லவில்லை.

இனி அந்தப் பழைய பாடம். "வெடிப்பு விட்டால் மாற்று, கத்தினால் இறுக்கு." அம்பாசடர் காலத்துக் கைகள் கற்றுக்கொடுத்தது இது, அன்றைக்கு அது சரியான பாடம். அப்போதைய பெல்ட் குறுக்குவாட்டில் வி வடிவம் கொண்டது, ஒரு பெல்ட் ஒன்றிரண்டு வேலைகளைத்தான் பார்க்கும். பிறகு ஒரே நீளப் பெல்ட் எல்லாப் புல்லிகளையும் பாம்பாக வளைத்துச் சுற்றும் முறை, 1970களின் இறுதியில் அமெரிக்கக் கார்களில் தொடங்கி, மெல்ல நம் வண்டிகளுக்கும் வந்தது. அதன் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வரிகள் இருக்கும். பல காலம் அந்தப் பெல்ட்டுகள் நியோப்ரீன் ரப்பரில் செய்யப்பட்டன. டூபான்ட் நிறுவனத்தில் 1930இல் கண்டுபிடித்த செயற்கை ரப்பர் அது. எஞ்சின் சூட்டில் நாளாக ஆக இறுகி, வளையும் இடங்களில் குறுக்கே கீறல் விடும். ஒரே வரியில் மூன்று அங்குல நீளத்துக்குள் மூன்று நான்கு வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது அந்த ரப்பருக்கான கணக்கு. கண்ணுக்குத் தெரிந்தது, கைக்குப் பட்டது, யாரும் தவறவிடவில்லை.

1990களின் பிற்பகுதியில் இருந்து பெல்ட் செய்கிறவர்கள் வேறு ரப்பருக்கு மாறினார்கள். ஈபிடிஎம் என்று அதைச் சொல்வார்கள். சூட்டையும் குளிரையும் காற்றில் உள்ள ஓசோனையும் தாங்குவதில் நியோப்ரீனைவிட வெகுவாக மேலானது. இன்று கார்களில் ஓடும் வரிப் பெல்ட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதுதான். நல்ல மாற்றம், பெல்ட்டின் ஆயுள் கூடியது. ஆனால் அதோடு ஒரு எச்சரிக்கை மணியும் போய்விட்டது. ஈபிடிஎம் பெல்ட் ஆயுள் முடிந்த பிறகும் வெடிப்பு விடாமல் இருக்கும். பானட்டைத் தூக்கி, டார்ச் அடித்து, "கீறல் இல்லை, ஓட்டலாம்" என்று மூடிவிடுகிறோம். அந்தப் பெல்ட் ஏற்கெனவே வழுக்கிக்கொண்டிருக்கலாம்.

அது டயர் தேய்வதைப் போலத் தேய்கிறது. பள்ளங்களில் உள்ள ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். புதுப் பெல்ட்டின் வரிகள் புல்லியின் பள்ளங்களில் ஆப்பு அடித்தது போல இறங்கி, பக்கச் சுவர்களைப் பிடித்துக்கொள்ளும். அடியில் சிறு இடைவெளி இருக்கும். பிடிமானம் முழுவதும் அந்தப் பக்கச் சுவர்களில்தான். வரி தேயத் தேய பெல்ட் கீழே இறங்கி, வரியின் நுனி புல்லியின் அடித்தளத்தில் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு இறுக்கினாலும் பக்கச் சுவரில் பிடிமானம் வராது. வரியில் உள்ள ரப்பரில் 5 சதவீதம் போனாலே வழுக்கத் தொடங்கலாம் என்பது பெல்ட் தயாரிப்பவர்கள் சொல்லும் கணக்கு. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடைவெளியே 3.56 மில்லிமீட்டர்தான். அந்தச் சிறு அளவில் 5 சதவீதம் எவ்வளவு என்று நினைத்துப் பாருங்கள். வெறும் கண்ணால் அது பிடிபடாது.

ஆகவே ஆழத்தைப் பாருங்கள், அதுதான் நான் கேட்பது. எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடும் வண்டிகளில், எஞ்சின் நின்ற பிறகும் சூட்டுக்கு அது தானாகச் சுழலலாம். விரல் அங்கே போக வேண்டாம், தோளில் துண்டு தொங்க வேண்டாம். வண்டி ஆறியிருக்கட்டும். காலையில் முதல் சவாரிக்கு முன்னால் பார்ப்பதே நல்லது. பெல்ட்டின் வரிப்பக்கம் எங்கே வெளியே தெரிகிறது என்று தேடுங்கள். குறுக்கு எஞ்சின் வண்டிகளில் இடம் மிக ஒடுக்கமாக இருக்கும். அங்கே தலையை நுழைக்க வேண்டியதில்லை, கைப்பேசியின் விளக்கைப் போட்டு வீடியோ எடுத்து, பிறகு பெரிதாக்கிப் பாருங்கள். புதுப் பெல்ட்டில் வரிகளுக்கு நடுவே உள்ள பள்ளம் கூரான வி வடிவில் இருக்கும். தேய்ந்ததில் அது அகன்று, அடி உருண்டு, யு வடிவத்துக்கு வந்திருக்கும். வரிகள் மெலிந்து தெரியும்.

சந்தேகம் வந்தால் அளக்கலாம். பெல்ட்டின் பள்ளத்தில் வைத்து அழுத்திப் பார்க்கும் சிறு பிளாஸ்டிக் அளவுகோலைப் பெல்ட் தயாரிக்கும் நிறுவனங்களே தருகின்றன. அதன் குச்சிப் பகுதியைப் பள்ளத்தில் அழுத்தும்போது அது வரிகளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் பெல்ட்டில் இன்னும் உயிர் இருக்கிறது. வரிகளின் மட்டத்துக்கு அது இறங்கிவிட்டால் மாற்றும் வேளை வந்துவிட்டது. உங்கள் ஸ்டாண்டுக்கு இப்படி ஒன்று இருந்தால் போதும். ஒரு காத்திருப்பு நேரத்தில் வரிசையில் உள்ள எல்லா வண்டிகளையும் பார்த்துவிடலாம்.

பெல்ட்டின் ஒரு சாண் பகுதிதான் ஒரு நேரத்தில் கண்ணுக்குத் தெரியும், முழுச் சுற்றையும் பார்க்க வேண்டும். முதுகில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு எஞ்சின் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்பிக்கொண்டு வாருங்கள். அதற்கு இடம் கிடைக்காத வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். பக்கத்தில் ஒருவர் ஸ்டார்ட்டரைத் தட்டித் தட்டிவிட, கையை உள்ளே வைத்துக்கொண்டு பார்ப்பது மட்டும் வேண்டாம். விரலைப் பறிகொடுத்த மெக்கானிக்குகளை எனக்குத் தெரியும்.

தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். பெல்ட்டின் ஒரு ஓரம் மட்டும் பிசிறு பிசிறாகப் பிரிந்து, உள்ளே உள்ள நூல் வெளியே வந்திருந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை என்று பொருள். பெல்ட்டை மட்டும் மாற்றினால் புதுப் பெல்ட்டும் அதே ஓரத்தில்தான் பிரியும். வரிகளுக்கு நடுவே ரப்பர் துகள் உருண்டு திரண்டு ஒட்டியிருந்தால் இழுவிசை குறைவு அல்லது புல்லி கோணல். வரியில் இருந்து ஒரு கட்டி ரப்பர் பெயர்ந்து போயிருந்தால் அந்தப் பெல்ட்டோடு அடுத்த சவாரி போகக் கூடாது, அங்கே யோசிக்க ஒன்றுமில்லை. கல் குத்திய ஊசித் துளை இருந்தால் கீழே உள்ள தடுப்புத் தகடு எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது என்று தேடுங்கள். அந்தத் தகட்டை ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஒரு கிளிப் குறைவாக மாட்டிவிடுவது பட்டறைகளில் நடப்பதுதான். பக்கச் சுவர்கள் கண்ணாடியாகப் பளபளத்தால், அது வழுக்கி வழுக்கிச் சூடேறிய பெல்ட். தொட்டால் பிசுபிசுத்து மென்மையாக, ஊதியிருந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது.

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஈபிடிஎம் ரப்பருக்குச் சூடு எதிரி அல்ல, மண்ணெண்ணெயும் டீசலும் எஞ்சின் ஆயிலும்தான் எதிரி. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் அந்த ரப்பர் உறிஞ்சி ஊதி, வலுவிழந்துவிடும். பழைய நியோப்ரீன் இந்த விஷயத்தில் அதைவிடத் தாங்கும். நம் ஊரில் வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடிப்பக்கமும் எஞ்சின் அறையும் பளபளக்கட்டும் என்று டீசலோ பழைய ஆயிலோ பீய்ச்சி அடிக்கும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. பழைய ரப்பருக்கு ஓரளவு பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்த அந்தப் பூச்சு, இன்றைய பெல்ட்டைக் கெடுத்துவிடும். வண்டியை விடும்போதே "எஞ்சின் பக்கம் டீசல் அடிக்காதீங்க, தண்ணிகூட நேரா பீய்ச்சாதீங்க" என்று சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். கிராங்க் முன்சீலில் கசிவு இருந்தால் அதை நிறுத்திவிட்டுத்தான் புதுப் பெல்ட் போட வேண்டும்.

கத்துகிற பெல்ட்டுக்குச் சோப்பைத் தேய்ப்பவர்களும் மெழுகுவத்தி தேய்ப்பவர்களும் பவுடர் தூவுபவர்களும் உண்டு. பெல்ட்டுக்கென்றே விற்கும் பசைத் தெளிப்பான்களும் வருகின்றன. சத்தம் அடங்குவது உண்மைதான். ஆனால் சத்தம் சொல்ல வந்த செய்தி அதோடு மறைந்துவிடுகிறது. பசை தூசியைப் பிடித்துவைத்து, வரிகளை இன்னும் வேகமாக அரிக்கும். வரிப் பெல்ட்டின் மேல் எதையும் பூசக் கூடாது.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. தண்ணீர் ஊற்றிய ஒரு சிறு தெளிப்புப் பாட்டில் போதும். எஞ்சின் ஓடும்போது, கையைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் லேசாகத் தெளியுங்கள். சத்தம் உடனே கூடினால் இழுவிசைக் குறைவு, பெல்ட் வழுக்குகிறது. டென்ஷனர் தளர்ந்திருக்கலாம், பெல்ட் தேய்ந்திருக்கலாம். குருவி கத்துவதுபோல் சுற்றுக்கு ஒரு முறை கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலி தண்ணீர் பட்டதும் அடங்கி, காய்ந்ததும் திரும்ப வந்தால், அது புல்லிக் கோணல். மழைநாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில நொடிகள் வீரிட்டுவிட்டு நின்றுபோகும் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்கத் தளர்ந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற ஆல்டர்னேட்டர் அதிக விசை கேட்கும் நேரம் அது. தேய்ந்த பெல்ட் அந்த நேரத்தில்தான் முதலில் குரல் கொடுக்கும். குரல் கொடுக்காத பெல்ட் நல்ல பெல்ட் என்று எண்ணிவிடவும் வேண்டாம். வழுக்கியும் கத்தாத பெல்ட்டுகள் நிறைய உண்டு. சிக்னலில் நிற்கையில் ஏசி குளிர்ச்சி குறைவது, பேட்டரி அடிக்கடி இறங்குவது, ஹார்ன் அடிக்கும்போது டாஷ்போர்டு விளக்கு துடிப்பது, இவற்றுக்குப் பேட்டரி மாற்றிக் காஸ் நிரப்பிச் செலவு செய்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அந்த வண்டிகளில் காரணம் தேய்ந்த வரிகள்தான்.

இப்போது உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு கணக்கு. பெல்ட்டை இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுங்கள் என்று கையேடு சொல்கிறது. வீட்டுக்காரரின் வண்டிக்கு அது சரி. உங்கள் வண்டி நிற்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஐட்லிங்கில் இருக்கிறது, கிராங்க் புல்லியின் விட்டம் 150 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்குப் பெல்ட் 47 சென்டிமீட்டர் நகரும். நிமிடத்துக்கு 377 மீட்டர், ஒரு மணி நேரத்துக்கு 22 கிலோமீட்டருக்கு மேல். விமான நிலைய வரிசையில் மூன்று மணி நேரம் ஏசியோடு நின்றால் பெல்ட் 65 கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். ஓடோமீட்டர் அதில் ஒரு மீட்டரைக்கூடக் காட்டாது. பெல்ட்டின் நீளம் 2,100 மில்லிமீட்டர் என்றால் அந்த ஒரு மணி நேரத்தில் அது பத்தாயிரத்துக்கும் அதிகமான முறை முழுச் சுற்று சுற்றி, ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு புல்லியிலும் வளைந்து நிமிர்ந்திருக்கும்.

போதாததற்கு, ஐட்லிங்கில் எஞ்சினின் துடிப்பு அதிகம். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் ஒரு எட்டு வேகமாகவும் அடுத்து மெதுவாகவும் சுழலும், டீசலில் இது இன்னும் கூடுதல். அந்தக் குலுக்கலைப் பெல்ட்டும் டென்ஷனரும்தான் விழுங்குகின்றன. முன்னால் இருந்து காற்று வராததால் எஞ்சின் அறையின் சூடும் ஏறுகிறது. அக்னி நட்சத்திர நாட்களில் மீனம்பாக்கம் விமான நிலைய வரிசையில் நிற்கும் வண்டியின் பெல்ட் படும் பாடு, நெடுஞ்சாலையில் 90இல் ஓடும் வண்டியின் பெல்ட்டுக்குக் கிடையாது. ஆகவே பாதி நேரம் நின்றே பிழைக்கும் வண்டி என்றால் கையேட்டின் கிலோமீட்டரை முழுதாக நம்பாதீர்கள். ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் பெல்ட்டின் ஆழத்தைப் பாருங்கள்.

பெல்ட்டைச் சொன்னால் டென்ஷனரையும் சொல்லியாக வேண்டும். தானியங்கி டென்ஷனர் என்பது ஸ்பிரிங்கும் ஒரு கையும் ஒரு சக்கரமும்தான். எஞ்சின் ஓடும்போது அந்தக் கை லேசாக அசையலாம். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும்படி துள்ளினால் உள்ளே உள்ள தாங்கி தேய்ந்துவிட்டது, அல்லது ஆல்டர்னேட்டர் புல்லிக்குள் ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் கிளட்ச் உள்ள வண்டி என்றால் அது சிக்கிவிட்டது. பெல்ட்டைக் கழற்றிய நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிவிடுங்கள். கரகரவென்று ஓசை வந்தால் பேரிங் போய்விட்டது. தடையே இல்லாமல் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருந்தாலும் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். புதுப் பெல்ட்டைப் பழைய டென்ஷனரில் மாட்டி அனுப்புவது பாதி வேலை. இரண்டும் ஒரே காலம் ஓடியவை. பெல்ட்டின் ஆயுள் முடிந்திருக்கும்போது டென்ஷனர் மட்டும் இளமையோடு இருக்காது.

போல்ட்டால் இறுக்கும் பழைய அமைப்பு உங்கள் வண்டியில் இருந்தால், இரண்டு புல்லிகளுக்கு நடுவே கட்டைவிரலால் 10 கிலோ அளவுக்கு அழுத்தி, எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பார்கள். எத்தனை மில்லிமீட்டர் என்பதை உங்கள் வண்டியின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள், வண்டிக்கு வண்டி மாறும். சத்தத்தை நிறுத்த வேண்டும் என்பதற்காக மேலும் மேலும் இறுக்கினால் வாட்டர் பம்ப் பேரிங்கும் ஆல்டர்னேட்டர் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். சில சின்னக் கார்களில் டென்ஷனரே இல்லாத இழுவைப் பெல்ட் உண்டு. அதைக் கழற்றினால் திரும்ப மாட்டக் கூடாது, புதிதுதான்.

இதுவரை சொன்னது வெளிப் பெல்ட். உறைக்குள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றி நான் சொல்வது ஒன்றுதான்: அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கணக்கு வைத்து மாற்றுங்கள். 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 காரில் தொடங்கிய அந்தப் பல் பெல்ட், கிராங்கையும் கேம் ஷாஃப்டையும் ஒரே ஒழுங்கில் ஓட்டுகிறது. அது அறுந்தாலோ ஒரு பல் தாண்டினாலோ, பல எஞ்சின்களில் பிஸ்டன் வால்வை முட்டி வளைத்துவிடும். ஹெட்டை இறக்கினால்தான் வண்டி மீளும். உங்கள் தவணையில் பல மாதங்கள் அதிலேயே போய்விடும். கையேடு கிலோமீட்டரையும் வருடத்தையும் சேர்த்தே சொல்லும், எது முன்னால் வருகிறதோ அதில் மாற்ற வேண்டும்.

உங்கள் வண்டியில் பெல்ட்டா செயினா என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய இனோவா 2.5 டீசலில் பெல்ட், 2016இல் வந்த கிரிஸ்டா 2.4 டீசலில் செயின். எட்டியோஸ் டீசலிலும் ஸ்விஃப்ட் டிசையரின் 1.3 டீசலிலும் செயின். இண்டிகா டீசலிலும் முதல் சான்ட்ரோவிலும் பெல்ட். பழைய இனோவாவின் டாஷ்போர்டில் இதற்கென்றே டி-பெல்ட் என்று ஒரு விளக்கு உண்டு. பெல்ட்டை மாற்றாமலேயே அந்த விளக்கை மட்டும் அணைத்துவிட முடியும். ஆகவே செகண்ட் ஹாண்டில் வாங்குகிறவர்கள் விளக்கு எரியவில்லை என்பதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெல்ட் மாற்றிய பில்லைக் கேளுங்கள். பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். இரண்டு பெல்ட்டுக்கும் ஓர் உறவும் உண்டு. வெளிப் பெல்ட் நார் நாராகக் கிழியும்போது, சில எஞ்சின்களில் அந்த நார் கிராங்க் புல்லியின் பின்னால் புகுந்து டைமிங் உறைக்குள் போய்விடும். வெளிப் பெல்ட்டை அலட்சியம் செய்த செலவு அப்படியும் எஞ்சினின் தலைக்கு ஏறலாம்.

சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு ஒன்று. முட்டளவுத் தண்ணீரில் இறங்கி ஏறிய வண்டியின் பெல்ட் பள்ளங்களில் மணலும் சேறும் காய்ந்து கிடக்கும். அது வரியையும் புல்லியையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்கும். வடிந்ததும் பெல்ட்டையும் புல்லிகளையும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைக்கச் சொல்லுங்கள், ஐட்லர் பேரிங்கில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். காப்பீட்டுக்காரர் இதையெல்லாம் எழுதிக்கொள்ள மாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

வாங்கும்போது பெல்ட்டின் முதுகில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 6பிகே2100 என்றால் ஆறு வரி, 2,100 மில்லிமீட்டர் நீளம். பழையதில் எழுத்து அழிந்திருந்தால் வண்டியின் மாடலையும் வருடத்தையும் சொல்லி வாங்குங்கள். பழையதோடு சேர்த்துப் பிடித்து அளந்து, "பத்து மில்லி கூட இருக்கு, பரவாயில்லை" என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். டென்ஷனரின் கை எட்டும் தூரத்துக்கு ஒரு எல்லை உண்டு. மதுரை கோச்சடையிலேயே பல தலைமுறையாகப் பெல்ட் செய்யும் ஆலை இருக்கிற மாநிலம் நம்முடையது. நல்ல பெல்ட்டுக்கு இங்கே பஞ்சமே இல்லை. ஆனாலும் நல்ல பெயர்களின் அட்டையில் போலிச் சரக்கும் வருகிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால், பில் தர மறுத்தால், அச்சு நகத்தால் சுரண்டும்போதே உரிந்தால், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் பார்த்தும் ஓட்டும்போது அறுந்துவிட்டால் என்ன செய்வது? சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே ஸ்டீயரிங் கனத்தால் அது பெல்ட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஏசியை அணையுங்கள். இறக்கமாக இருந்தால் எஞ்சினை அணைக்காமல் கியரைக் குறைத்து, பெடலை முழு பலத்தோடு மிதித்து, ஓரமாக நிறுத்துங்கள். பூஸ்டர் இல்லாவிட்டாலும் பிரேக் பிடிக்கும், கால் வலு அதிகம் வேண்டும், அவ்வளவுதான். நின்ற பிறகு எஞ்சினை அணைத்துவிடுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருக்கும் வண்டியை "பக்கத்து ஊர் வரைக்கும்தானே" என்று ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். பயணிகளிடம் உள்ளதைச் சொல்லி, அவர்களை வேறு வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். மலைச் சவாரியே தொழிலாக உள்ளவர்கள் சரியான எண்ணில் ஒரு புதுப் பெல்ட்டையும் டென்ஷனரைத் தளர்த்தும் ஸ்பானரையும் டிக்கியில் வைத்திருங்கள். பெல்ட் சுற்றும் பாதையை எஞ்சின் அறையில் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். இல்லாவிட்டால் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். அறுந்த பிறகு எது எதைச் சுற்றிப் போனது என்று யாருக்கும் நினைவு வராது.

கடைசியாகச் சங்கங்களுக்கும் ஸ்டாண்டு நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறையும் அதற்கு மேல் வருடா வருடமும் எஃப்சி எடுக்கிறோம். அந்த வாரத்தில் பெயின்ட் பூசுகிறோம், ரிஃப்ளெக்டர் பட்டை ஒட்டுகிறோம், விளக்கும் ஹார்னும் சரிபார்க்கிறோம். அதே வாரத்தில் வெளிப் பெல்ட்டின் ஆழத்தையும் அளந்து, டைமிங் பெல்ட் மாற்றிய கிலோமீட்டரையும் தேதியையும் ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதிப் பானட்டின் உள்பக்கம் ஒட்டுவதை வழக்கமாக்குங்கள். வண்டியைக் கைமாற்றும்போதும் அந்த ஸ்டிக்கர் வண்டியோடு போகட்டும், அடுத்து ஓட்டப்போகிறவரும் நம்மில் ஒருவர்தான். அளவுகோல் கிடைக்காத ஸ்டாண்டுகள் எந்த நல்ல பட்டறையிலும் கேளுங்கள், பார்த்துச் சொல்வதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. என் பட்டறைக்கு வந்தால் அதற்குக் காசு வாங்க மாட்டேன்.

அன்புடன்,
உங்கள் வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களில் ஒருவன்